ஆய்வாளரை எண்ணால் அளக்கலாமா?

அடுத்த ஆண்டு எங்களுக்கு இறுதியாண்டு. ஆய்வுத் திட்டத்திற்கு மேற்பார்வையாளர் ஒருவரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் வந்த அன்றிரவே, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் அதை வேறு மாதிரி அடுக்கி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு விரிவுரையாளரின் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண் இருந்தது. 31, 24, 17, 9, 4 என்று காற்பந்து லீக் புள்ளிப் பட்டியலைப் போல மேலிருந்து கீழாக இறங்கியது. "முதல் 3 பேருக்கு எழுதிப் போடுங்க, கீழே உள்ளவங்க வேணாம்" என்ற குறிப்பும் கூடவே வந்தது.

நானும் அப்படித்தான் செய்யவிருந்தேன். மறுநாள் காலை கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குச் செல்லும் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து, முதலிடத்தில் இருந்த பேராசிரியருக்கு மின்னஞ்சல் தட்டிக்கொண்டிருந்தேன். "உங்கள் ஆய்வுகள் என்னை மிகவும் கவர்ந்தன" என்று எழுதியதும் விரல் நின்றது. அவருடைய ஆய்வுகளில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் 31 என்ற எண் மட்டுமே.

அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தவர் என் பாட்டி. பல ஆண்டுகளாக "வயித்துல காத்து" என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்தே சமாளித்தவர் அவர். இரண்டு மாதங்களுக்கு முன் வலி தாங்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்துவிட்டு, இரைப்பையில் ஒரு கிருமி இருக்கிறது என்று சொல்லி இரண்டு வாரத்திற்கு மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பாட்டி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்.

"இந்தக் கிருமி எனக்கு எங்கேருந்து வந்துச்சு கண்ணு?"

"அங்க ஒரு பிள்ளை பாரம் வச்சிக்கிட்டு என்னென்னமோ கேட்டு எழுதிட்டுப் போச்சே, அதுல என்னா வந்துச்சு?"

வீட்டில் உயிர்மருத்துவம் படிப்பவர் நான் ஒருவர்தான் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. முதல் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான், ஓர் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

அந்த எண் எப்படி வருகிறது?

ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, நமக்கு முன்பு அதே துறையில் எழுதியவர்களைச் சுட்டிக்காட்ட வேண்டும். அதுதான் மேற்கோள். ஒரு கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் எத்தனை பேர் சுட்டியிருக்கிறார்கள் என்று கணக்கிட முடியுமா என்று 1955ஆம் ஆண்டில் யோசித்தவர் யூஜின் கார்பீல்ட் என்ற அமெரிக்கர். அவருடைய யோசனை 1964ஆம் ஆண்டில் அறிவியல் மேற்கோள் அட்டவணையாக வெளிவந்தது. தேவையான கட்டுரைகளைக் கண்டுபிடிப்பதற்கான வழிகாட்டியாகத்தான் அது உருவானது. மனிதர்களை மதிப்பிடும் பழக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இன்று நாம் அதிகம் பார்ப்பது எச் குறியீடு. 2005ஆம் ஆண்டில் இதை முன்மொழிந்தவர் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர். கணக்கு எளிது. ஒருவர் 5 கட்டுரைகள் எழுதியிருக்கிறார், அவை முறையே 40, 12, 5, 3, 1 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 3 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் அவரிடம் 3 உண்டு. ஆனால், குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4 இல்லை. எனவே அவருடைய எச் குறியீடு 3.

இன்னொருவரின் 5 கட்டுரைகள் 5, 5, 4, 4, 0 முறை மேற்கோள் பெற்றுள்ளன. அவருடைய எச் குறியீடு 4. மொத்த மேற்கோளைக் கூட்டிப் பாருங்கள். முதலாமவருக்கு 61, இரண்டாமவருக்கு 18. ஆனாலும் எங்கள் வாட்ஸ்அப் பட்டியலில் இரண்டாமவர்தான் மேலே இருப்பார்.

இன்னும் சில விஷயங்களையும் கவனிக்க வேண்டும். எச் குறியீடு ஒருபோதும் குறையாது. ஓய்வு பெற்ற பிறகும் ஏறும். ஆகவே 20 ஆண்டுகள் எழுதியவரையும் 4 ஆண்டுகள் எழுதியவரையும் ஒரே வரிசையில் நிறுத்தக்கூடாது. துறைக்குத் துறை வழக்கமும் மாறும். மருத்துவத்தில் கட்டுரைகள் அதிகம், ஒவ்வொன்றிலும் மேற்கோள்களும் அதிகம். கணிதத்தில் இரண்டுமே குறைவு. ஒரே மனிதருக்குக் கூகுள் ஸ்காலரில் ஓர் எண்ணும் ஸ்கோபஸில் வேறோர் எண்ணும் வரும். எதை எண்ணுகிறார்கள் என்பது இரண்டிலும் வேறு.

ஒரு பட்டியலைத் திறந்து பார்த்தேன்

பாட்டியின் கேள்விக்காக நான் தேடியது வயிறு தொடர்பான ஆய்வுகள். மலேசியாவைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பணியாற்றிய குடல் இரைப்பை மருத்துவப் பேராசிரியர் கோ கீன் லீ. அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சஞ்சீவ் மகாதேவாவும், நுண்ணுயிரியலாளர் பராசக்தி நவரத்தினமும் உண்டு.

முதலில் எல்லாரையும் போல நானும் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். சஞ்சீவ் மகாதேவாவும் கோவும் 2006ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரை நூற்றுக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. காரணம் இல்லாமல் வரும் அஜீரணம் உலகில் எவ்வளவு பரவலாக உள்ளது என்பதே அதன் பொருள். பரிசோதனையில் புண்ணோ கட்டியோ எதுவும் தெரியாது, ஆனால் வயிறு உப்பும், எரியும், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடும். இந்த வகைத் தொல்லை வெவ்வேறு ஆய்வுகளில் 11 முதல் 29.2 சதவீதம் வரை வேறுபடுகிறது என்று அந்தக் கட்டுரை காட்டியது. பரிசோதனை செய்யாத அஜீரணத்தையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி 7 முதல் 45 சதவீதம் வரை விரிகிறது. "அஜீரணம்" என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே எண் மாறுகிறது.

இந்தக் கட்டுரை ஏன் இவ்வளவு மேற்கோள் பெறுகிறது? உலகில் யார் அஜீரணம் பற்றி எழுதத் தொடங்கினாலும், முதல் பத்தியில் "இது இத்தனை சதவீதத்தினரைப் பாதிக்கிறது" என்று ஒரு வரி வேண்டும். அந்த வரிக்கு ஆதாரமாக இது கைகொடுக்கிறது. இது ஒரு தொகுப்புக் கட்டுரை. பிறர் செய்த ஆய்வுகளைத் திரட்டி, ஒப்பிட்டு, ஒழுங்குபடுத்தியது. அதற்கும் உழைப்பு தேவை. ஆனால், வீடு வீடாகப் போய்த் தகவல் எடுத்த கட்டுரையும் இதுவும் வேறு வேறு வேலைகள். மேற்கோள் எண்ணிக்கை அந்த வேறுபாட்டைச் சொல்லாது.

உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? 1951ஆம் ஆண்டில் ஆலிவர் லௌரியும் சகாக்களும் எழுதியது. புரதத்தின் அளவைக் கண்டறியும் ஒரு ஆய்வுக்கூட முறையை அது விளக்குகிறது. மேற்கோள்கள் 3 இலட்சத்தைத் தாண்டிவிட்டன. நோபல் பரிசு பெற்ற எத்தனையோ கண்டுபிடிப்புகளுக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எல்லாருக்கும் தினமும் பயன்படுவது அதிகம் சுட்டப்படுகிறது. அது மதிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் "அதிகம் பயன்பட்டது" என்பதும் "மிகப் பெரிய கண்டுபிடிப்பு" என்பதும் ஒன்றல்ல.

"இந்தியர்" என்ற வரி

பிறகு பட்டியலை மேற்கோள் வாரியாக இல்லாமல் ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தேன். அப்போதுதான் அது ஒரு கதையாகத் தெரிந்தது. நம் நாட்டு மக்களின் வயிற்றின் கதை.

பாட்டிக்கு வந்த கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. இரைப்பைப் புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் இது காரணமாகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994ஆம் ஆண்டிலேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் சிறுவயதில், குடும்பத்திற்குள்ளேயே தொற்றிக்கொள்கிறது.

கோவும் பராசக்தியும் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரை, இந்தக் கிருமி மலேசியாவில் இனத்திற்கு இனம் எப்படி வேறுபடுகிறது என்று ஆராய்ந்தது. இந்தியர்களிடமும் சீனர்களிடமும் தொற்று அதிகம், மலாய்க்காரர்களிடம் குறைவு. ஒரே நாட்டில், ஒரே தண்ணீரைக் குடித்து வாழும் மக்களிடையே ஏன் இந்த வேறுபாடு? தொற்று அதிகமாக இருந்த நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் அதைத் தங்களோடு கொண்டு வந்தார்கள், பிறகு குடும்பத்திற்குள்ளும் சமூகத்திற்குள்ளும் அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம்.

கிழக்குக் கரையிலிருந்தும் இதற்கு ஆதரவு இருந்தது. 1994ஆம் ஆண்டில் கிளந்தானில் நடந்த ஓர் ஆய்வு, அங்குள்ள மக்களிடம் இந்தக் கிருமி வழக்கத்திற்கு மாறாக மிகக் குறைவு என்று காட்டியது. 5 சதவீதத்தையும் எட்டவில்லை. பிறகு 2009ஆம் ஆண்டில், கோ பங்கேற்ற இன்னோர் ஆய்வு கிருமியின் மரபணுக்களையே ஒப்பிட்டது. மலேசிய இந்தியர்களிடம் கிடைத்த வகைகளும் மலாய்க்காரர்களிடம் கிடைத்த வகைகளும் நெருங்கிய உறவு. சீனர்களிடம் கிடைத்தவை பெரும்பாலும் வேறு குடும்பம். நம் மூதாதையர் கப்பலேறி வந்த தடத்தையும், இங்கு வந்து மற்றவர்களோடு கலந்து வாழ்ந்த தடத்தையும் ஒரு பாக்டீரியா சுமந்துகொண்டிருக்கிறது.

பாட்டி காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வீட்டில் பிறந்தவர். உடன்பிறந்தவர்கள் 7 பேர். ஒரே அறையில் தூங்கி, ஒரே குவளையில் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். "எங்கேருந்து வந்துச்சு?" என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரைகளில் பதில் இருந்தது. பாட்டிக்குச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க ஆத்தாகிட்டேருந்து வந்திருக்கும்" என்றார்.

இதோடு முடியவில்லை. 2007ஆம் ஆண்டில் கோவும் சகாக்களும், பராசக்தி உட்பட, இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிருமி உள்ளவர்களுக்குள்ளேயே பார்த்தாலும், சீனர்களுக்கு இந்தியர்களைவிடப் புற்றுநோய் ஆபத்து அதிகம். இந்தியர்களுக்குக் கிருமி அதிகம், ஆனால் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. மருத்துவ உலகில் இதை "இந்தியப் புதிர்" என்றே அழைக்கிறார்கள். கிருமியின் வகையா, உணவா, மரபணுவா என்ற விவாதம் தொடர்கிறது. புற்றுநோய் குறைவு என்பதற்காக நாம் அலட்சியமாக இருந்துவிட முடியாது. புண் வரும், இரத்தக் கசிவு வரும். பாட்டி செய்ததைப் போல ஓமத் தண்ணீரோடு பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு கட்டுரை 2016ஆம் ஆண்டில் வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்ட நோயாளிகளை மூன்று காலகட்டங்களில் ஒப்பிட்டது: 1989/1990, 1999/2000, 2009/2010. முன்சிறுகுடல் புண் சுமார் 21 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அமிலம் மேலேறி உணவுக்குழாயில் ஏற்படுத்தும் புண் 2 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்திற்கு மேல் ஏறியது. முதலில் பாதிப் பேரிடம் இருந்த கிருமி, 20 ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. பாட்டியின் தலைமுறைக்குப் புண், நம் தலைமுறைக்கு நெஞ்செரிச்சல். அப்படியொரு கட்டுரை எழுத, 20 ஆண்டுகளுக்கு முந்தைய பதிவுகள் ஒழுங்காகக் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பதிவுகளை எழுதிய தாதியருக்கும் மருத்துவ உதவியாளருக்கும் எச் குறியீடு கிடையாது.

"காத்து" என்றால் என்ன?

சஞ்சீவ் மகாதேவா, கோ ஆகியோரின் குழு 2010ஆம் ஆண்டில் இரண்டு கள ஆய்வுகளை வெளியிட்டது. ஒன்று கிராமப்புற மக்களிடம், மற்றது நகர்ப்புற மக்களிடம். அஜீரணத் தொல்லை கிராமத்தில் சுமார் 15 சதவீதம், நகரத்தில் சுமார் 24 சதவீதம்.

இந்த எண்களுக்குப் பின்னால் நாம் எளிதில் கவனிக்காத ஒரு வேலை இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உருவான அஜீரணக் கேள்வித்தாளை இந்தக் குழு முதலில் மலேசியச் சூழலுக்கு ஏற்பச் சோதித்துப் பார்த்தது. கேள்வித்தாளை வேறு மொழிக்குக் கொண்டுபோவது அகராதி பார்த்துச் செய்யும் வேலையல்ல. மலாயில் "அங்ஙின்" என்று சொல்வார்கள், நாம் "காத்து" என்போம். அது ஏப்பமா, உப்புசமா, வலியா, எரிச்சலா? என் பாட்டி இந்த நான்கிற்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். தமிழில் நெஞ்சுக்கரிப்பு, புளித்த ஏப்பம், வயிற்று உப்புசம் என்று தனித்தனிச் சொற்கள் இருந்தும், வலிக்கும்போது யாரும் அப்படிப் பிரித்துச் சொல்வதில்லை. கேள்வியைத் தவறாகக் கேட்டால் பதிலும் தவறும், பிறகு அந்தத் தவறான பதில்தான் சதவீதமாக அச்சாகும்.

தமிழ்ப்பள்ளியிலும் பிறகு மலாய்வழி இடைநிலைப்பள்ளியிலும் படித்த நமக்கு இங்கே ஒரு பலம் உண்டு. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, பாடநூலில் ஒரு மொழி என்று மாறி மாறி யோசிப்பதை நாம் சுமையாக நினைக்கிறோம். ஆய்வுக் களத்தில் அதுவே தேவைப்படும் திறன்.

எண் ஏமாற்றும் இடங்கள்

வயிற்று மருத்துவ வரலாற்றிலேயே எண் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ரோபின் வாரனும் பேரி மார்ஷலும் இந்தக் கிருமியைக் கண்டறிந்தபோது, புண்ணுக்குக் காரணம் மன அழுத்தமும் அமிலமும்தான் என்று உலகம் நம்பியது. 1983ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் குடல் இரைப்பை மருத்துவர் சங்கத்தின் கூட்டத்திற்கு மார்ஷல் அனுப்பிய சுருக்கத்தை ஏற்கவில்லை. வந்தவை 67, ஏற்றவை 56. ஒதுக்கப்பட்ட 11இல் இவருடையது ஒன்று. 1984ஆம் ஆண்டில் அவர் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சி வந்ததை நிரூபித்தார். 2005ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு. 1983ஆம் ஆண்டில் எங்கள் வாட்ஸ்அப் பட்டியல் இருந்திருந்தால், மார்ஷல் கீழ்வரிசையில்தான் இருந்திருப்பார்.

மறுபக்கமும் உண்டு. லண்டனில் குடல் நோய் ஆய்வாளராக இருந்த அண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998ஆம் ஆண்டில் லான்செட் இதழில் 12 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தை அது கிளப்பியது. ஆய்வு நேர்மையற்றது என்று தெரிந்து, 2010ஆம் ஆண்டில் இதழ் அந்தக் கட்டுரையை மீட்டுக்கொண்டது. அவருடைய மருத்துவர் பதிவும் ரத்தானது. அந்தக் கட்டுரைக்கு மேற்கோள்கள் ஏராளம். பெரும்பாலானவை அதைத் தவறு என்று சொல்லவே சுட்டியவை. ஆனால் எண்ணும் இயந்திரத்திற்குப் பாராட்டும் கண்டனமும் ஒன்றுதான்.

மூன்றாவது உதாரணம்தான் என்னை உறுத்தியது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 5 வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற நோயாளிகளுக்குக் கடுமையான வலி நிவாரணிகளால் அடிமைத்தனம் அரிதாகவே வந்தது என்பதுதான் அதன் செய்தி. 2017ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றில் 72 சதவீதம், அடிமைத்தனம் அரிது என்பதற்கு ஆதாரமாகவே அதைக் காட்டின. சுமார் 80 சதவீதம், அது மருத்துவமனை நோயாளிகளைப் பற்றியது மட்டுமே என்பதைச் சொல்லவே இல்லை. அந்த மாத்திரைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்ற நம்பிக்கையை வளர்த்ததில் இந்த மேற்கோள்களுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் அதன் விளைவு எத்தனை உயிர்கள் என்பது நமக்குத் தெரியும்.

நானும் செய்திருக்கிறேன்

சென்ற பருவத்தில் ஓர் இடுபணியில் 14 மேற்கோள்கள் கொடுத்திருந்தேன். விரிவுரையாளர் என்னை அழைத்து, அவற்றில் ஒன்றைச் சுட்டி, "இதில் எத்தனை நோயாளிகள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சுருக்கத்தின் கடைசி வரியை மட்டுமே படித்திருந்தேன். இன்னும் சிலவற்றை அதுகூடப் படிக்காமல், வேறொரு கட்டுரையின் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "நீங்க போட்டது ஓர் ஓட்டு. யாருக்குன்னு தெரியாம போட்டிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த விரிவுரையாளரின் எச் குறியீடு, எங்கள் வாட்ஸ்அப் பட்டியலின்படி 4.

நம் நாட்டு ஆய்வுப் பல்கலைக்கழகங்களை மதிப்பிடும்போது கட்டுரை எண்ணிக்கையும் மேற்கோளும் கணக்கில் வருகின்றன. ஆகவே விரிவுரையாளர்கள் மீதும் அழுத்தம் உண்டு. அதே வேளையில், எண்ணை மட்டும் வைத்து மனிதரை மதிப்பிடாதீர்கள் என்று ஆய்வுலகத்திற்குள்ளிருந்தே குரல் எழுந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் 2015ஆம் ஆண்டின் லைடன் அறிக்கையும் அப்படிப்பட்டவை. மேற்கோள் எண்ணிக்கை பயனற்றது என்று அவை சொல்லவில்லை. கட்டுரையைப் படித்து மதிப்பிடுவதற்கு அது மாற்றாகாது என்கின்றன.

நீங்கள் என்ன செய்யலாம்?

எஸ்.டி.பி.எம். புறப்பாட ஆய்வாக இருந்தாலும் சரி, பல்கலைக்கழக ஆய்வாக இருந்தாலும் சரி, ஒருவருடைய பட்டியலைப் பார்க்கும்போது நான் இப்போது இப்படிச் செய்கிறேன்.

முதலில், மேற்கோள் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் இரண்டு முறை அடுக்கிப் பார்க்கிறேன். முதலாவது, மற்றவர்கள் எதைப் பயன்படுத்தினார்கள் என்று காட்டும். இரண்டாவது, அவர் எந்தக் கேள்வியை விடாமல் துரத்தினார் என்று காட்டும்.

அடுத்து, கட்டுரையின் வகையைப் பார்க்கிறேன். தொகுப்பா, வழிகாட்டி நெறிமுறையா, கள ஆய்வா? நெறிமுறைக் கட்டுரையில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து கையெழுத்திடுவார்கள். அதன் மேற்கோள் அத்தனை பேர் கணக்கிலும் ஏறும்.

மூன்றாவதாக, பெயர் வரிசையைக் கவனிக்கிறேன். மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாக முதல் பெயர் அதிக வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுவை வழிநடத்தியவருடையது. ஒரு பேராசிரியர் கடைசிப் பெயராகவும் அவருடைய மாணவர்கள் முதல் பெயராகவும் பல கட்டுரைகளில் இருந்தால், அவர் மாணவர்களை வளர்க்கிறார் என்று அர்த்தம். மேற்பார்வையாளரைத் தேடும் நமக்கு எச் குறியீட்டைவிட முக்கியமான தகவல் இது.

கடைசியாக, ஒரு கட்டுரையையாவது முழுமையாகப் படிக்கிறேன். எத்தனை பேர், எந்த ஊர், எந்த மொழியில் கேட்டார்கள் என்று குறித்துக்கொள்கிறேன். புரியாத இடத்தில் கேள்விக்குறி போடுகிறேன். அந்தக் கேள்விக்குறிதான் மின்னஞ்சலின் முதல் வரி.

நான் யாருக்கு எழுதினேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 4 என்ற எண் உள்ள விரிவுரையாளருக்கு. அவருடைய கட்டுரைகள் மொத்தம் ஏழு. அவற்றில் இரண்டைப் படித்து, ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் நண்பர்களோடு வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது. "திங்கட்கிழமை வாருங்கள். அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது." நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இனி, பாட்டியின் இரண்டாவது கேள்வி. அந்தப் பிள்ளை பாரத்தில் எழுதிக்கொண்டு போனதில் என்ன வந்தது? எனக்குத் தெரியவில்லை. அந்த ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். ஒருநாள் அது கட்டுரையாகும். அட்டவணையில் "இந்தியர்" என்ற வரியில் பாட்டி ஓர் எண்ணாக இருப்பார். அந்தக் கட்டுரையை 10 பேர் சுட்டலாம், 1,000 பேர் சுட்டலாம். அதை ஒருவரும் பாட்டியிடம் வந்து சொல்லமாட்டார்கள். கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கும், எங்கேயோ ஓர் இதழில் இருக்கும்.

திங்கட்கிழமை விரிவுரையாளரைப் பார்த்தபோது ஓர் அனுமதி கேட்டேன். என் ஆய்வு முடிந்ததும், பங்கேற்றவர்களுக்கு ஒரு பக்கத்தில், அவரவர் மொழியில், என்ன கண்டுபிடித்தோம் என்று எழுதிக் கொடுக்கலாமா? அதற்கு மதிப்பெண் கிடையாது என்றார். பிறகு, மலாய்ப் பக்கத்தைத் தாமே சரிபார்த்துத் தருவதாகச் சொன்னார். தமிழ்ப் பக்கம் என் பொறுப்பு.

பாட்டியிடம் சொன்னேன். "எழுத்து பெருசா இருக்கட்டும்" என்றார்.